வெயிலுக்கு வைத்த தண்ணீர்

கியாலா மேடு,
6 ஆகஸ்ட் 1983

மூவேனியின் அம்மாவுக்கு, மூவேனியின் அப்பா எழுதுவது.

இங்கே நானும் மாடும் கழுதையும் நலம். குழந்தை பிறந்த செய்தி கடைக்காரர் வழியாக வந்தது. பெண் என்றும், வழக்கப்படி உன் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்றும் அறிந்தேன். மூவேனிக்குக் காய்ச்சல் எதுவும் இல்லையே? கடற்காற்று உனக்கு ஒத்துக்கொள்கிறதா?

குழந்தை பிறந்து, மூவேனி எழுந்து நடமாடும்வரை இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போனாய். அவள் நடமாடி, துணி துவைத்து, சந்தைக்கும் போய்வருகிறாளாம். நீ இன்னும் அங்கேயே இருக்கிறாய். மருமகன் வரும் பாதையில் மாமியார் எதிர்ப்பட்டால் புதருக்குள் ஒதுங்குவதுதான் நம் ஆட்களின் முறை. மொம்பாசாவில் ஒண்டுக் குடித்தனத்தில் நீ எந்தப் புதருக்குள் ஒதுங்குகிறாய்? ஊரில் கேட்கிறார்கள். நான் பதில் சொல்வதில்லை.

வெயில் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று அளக்க தண்ணீர் அலுவலகம் நம் வாசலில் வைத்த தொட்டியில் ஒரு காலையும் தவறவில்லை. ஒன்பது மணிக்குக் கம்பிவலையை நீக்கி, அளவுக் கொக்கியின் முனையைத் தண்ணீரின் மேல்தோலுக்குக் கொண்டுவந்து, நேற்றைக்கு இன்று எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து எழுதுகிறேன். பிறகு குறி வரைக்கும் நிரப்புகிறேன். உன் வேலையைக் கழுதை செய்கிறது. பக்கத்து வீட்டுக் கட்டூங்கே ஆற்று மணலில் ஊறும் தண்ணீரைக் கேன்களில் நிரப்பி அதன்மேல் ஏற்றிவிடுகிறாள். ஏற்றும்போது அவள் பேசும் பேச்சைக் கேட்கக் கழுதைக்குத்தான் பொறுமை உண்டு.

குளம் கேட்டு நான் எழுதியதற்கு அலுவலகத்திலிருந்து அதிகாரி வன்யாமா பதில் போட்டிருக்கிறான். நம் மேட்டு மண் தண்ணீரைத் தாங்குமாம். நான் துளைத்தெடுத்து அனுப்பிய மண்ணில் இடுப்பாழத்துக்குக் கீழே கோடையிலும் ஈரம் நிற்கிறதாம். ஆனால் என் தொட்டிக் கணக்கின்படி இந்த மேட்டில் வெயில் அளவுக்கு மீறிக் குடிக்கிறதாம். இங்கே குளம் வெட்டினால் அடுத்த மழைக்கு முன்பே வற்றிவிடுமாம். என் அளவை வைத்தே என் குளத்தை மறுக்கிறான். அளவு சரி, முடிவு தவறு. இதைத் திரும்பத் திரும்ப அவனுக்கு எழுதிவிட்டேன். வரும் பிப்ரவரியில் பொறியாளர் நேரில் வந்து குளம் நம் மேட்டிலா, பள்ளத்து ஊரிலா என்று முடிவு செய்வார். இடையில் ஒரு காலை விடுபட்டால் போதும், அதையே காரணம் காட்டிப் பள்ளத்துக்குக் கொடுத்துவிடுவார்கள்.

குளம் வந்தால் நீ ஆற்றுக்கு இறங்கவேண்டியதில்லை. இத்தனையும் அதற்காகத்தான். இது உனக்குப் புரிவதே இல்லை.

செவ்வாய்க்கிழமைப் பேருந்தில் வா. குழந்தையின் உச்சியில் என் பெயரைச் சொல்லி ஒரு முறை ஊது.

மூவேனியின் அப்பா,
முலாட்யா


மொம்பாசா,
3 செப்டம்பர் 1983

மூவேனியோட அப்பாவுக்கு மூவேனியோட அம்மா சொல்லி, மூவேனி எழுதுறது. சொன்னதைச் சொன்னபடியே எழுதுடின்னு சொல்லியிருக்கேன். அழகுபடுத்தினா எனக்குத் தெரிஞ்சுடும்.

நாங்க நல்லாயிருக்கோம். பிள்ளை பால் குடிக்குது, தூங்குது, எந்திரிச்சு மறுபடி குடிக்குது. நீங்க நேரத்துக்குச் சாப்பிடுறீங்களா? சோளமும் துவரையும் சேர்த்து வேகும்போது நின்னுக்கிட்டுக் கிண்டணும். உக்காந்துக்கிட்டுக் கிண்டினா அடிபிடிக்கும். நீங்க உக்காந்துதான் கிண்டுவீங்க.

புதரைப் பத்திக் கேட்டிருந்தீங்க. மாப்பிள்ளை தெருமுனையிலயே விசிலடிச்சிட்டுத்தான் வருவார். நான் துணித்திரைக்கு அந்தப் பக்கம் போயிடுவேன். "டீ நல்லாயிருக்குன்னு உங்க அம்மாகிட்ட சொல்லு"ம்பார் மூவேனிகிட்ட. "சர்க்கரை போதுமான்னு கேளு"ம்பேன் நான். நடுவுல இவ எங்க ரெண்டு பேருக்கும் தபால்காரி. பிள்ளைக்கு என் பேரை வெச்சதால அவர் வாயால அதைக் கூப்பிடவும் முடியல. "ஏய் சின்னவளே"ன்னுதான் கூப்பிடுறார். கசீவான்னு சொல்லிப் பாருங்கன்னு மூவேனி சீண்டுறா. மனுஷன் வேர்த்து நிக்கிறார். ஊர்ல கேட்டா இதைச் சொல்லுங்க.

இங்க முத்தத்துல ஒரு குழாய் இருக்கு. ஆறு குடும்பத்துக்கு ஒண்ணு. அடுத்த வீட்டுக்காரி அதைச் சரியா மூடாம போறா, சொட்டிக்கிட்டே கிடக்கு. "இது உங்க அப்பன் மணல்ல தோண்டினதா?"ன்னு கேட்டேன். "எங்க அப்பன் கிளார்க்கு"ன்னா. சண்டையாயிடுச்சு.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸுன்னு எழுதியிருந்தீங்க. வாசல்ல இருக்கிற அந்த அண்டாவை எடுத்துட்டு எழுதுங்க, வர்றேன். ஆத்துக்கு இறங்கி, மணல்ல குழி பறிச்சு, ஊற ஊற மொண்டு, மேடேறி வந்து, வீட்டுக்கு ஒரு கேன் வெயிலுக்கு ஒரு கேன்னு ரெண்டு வருஷம் ஊத்தியாச்சு. பாசி பிடிச்சிருக்குன்னு சொல்லி மாசாமாசம் மொத்தத்தையும் கொட்டிட்டு மறுபடி நிரப்பச் சொல்வீங்க. அந்த வாரம் நான் மனுஷியாவே இருந்ததில்ல. இனிமே வெயிலுக்கு ஊத்த மாட்டேன்.

நான் வேணுமா அண்டா வேணுமான்னு கேக்கல. அப்படிக் கேக்குற வயசா எனக்கு? அது அங்க இருக்கிறவரைக்கும் நான் இங்க இருக்கேன், அவ்வளவுதான்.

மாட்டுக்கு உப்பு வையுங்க.

கசீவா


கியாலா மேடு,
21 செப்டம்பர் 1983

மூவேனியின் அம்மாவுக்கு.

உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் நலம் என்பதில் மகிழ்ச்சி. எனக்கும் ஒரு குறையும் இல்லை. நின்றுகொண்டுதான் கிண்டுகிறேன்.

அண்டா என்று இனி எழுதாதே. அடியிலும் காற்றுப் போகும்படி மரச்சட்டத்தின் மேல் மட்டம் பார்த்து வைத்த ஆவித் தொட்டி அது. முதலில் அதைப் பள்ளி ஆசிரியரின் தம்பியிடம் கொடுத்தார்கள். வீட்டில் உட்கார்ந்தபடியே எண்களை எழுதியவன் அவன். மழை கொட்டிய நாளில்கூடத் தண்ணீர் இறங்கியதாக எழுதி அகப்பட்டான். அதன் பிறகுதான் என்னிடம் வந்தது. கொக்கியைப் பார்த்துப் படிக்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எழுத்தும் எண்ணும் உர மூட்டையிலிருந்து நானாகப் படித்தவை. அலுவலகத்தின் ஆண்டறிக்கையில் கியாலா மேடு என்று அச்சாகியிருக்கிறது. முலாட்யா என்ற பெயர் எங்கும் இல்லை. தொட்டிக்குக் கண் முளைத்துத் தன்னைத்தானே படித்துக்கொள்கிறது என்று நினைக்கிறார்கள் போலும். இதை எல்லாம் பொறுத்துக்கொண்டு நடத்துவது எதற்கு? உன் பேச்சுக்காக எடுத்து ஓரமாகக் கவிழ்ப்பதற்கா? எடுக்க முடியாது.

வேறு ஒன்று என்னைக் குடைகிறது. நீ போன பிறகு தொட்டியில் இறக்கம் குறைந்துவிட்டது. இந்த மாதங்களில் காற்று வலுக்கும், வழக்கமாக எட்டு, ஒன்பது மில்லிமீட்டர் இறங்கும். இப்போது ஆறு, மிஞ்சினால் ஏழு. கொக்கி வளையவில்லை. சட்டம் சாயவில்லை, மட்டக்கோல் வைத்துப் பார்த்தேன். வெயில் அதே வெயில், சட்டைக் காலர் வெளுக்கிற வேகம் மாறவில்லை. நீ இங்கே இருந்தவரை வானம் அதிகம் குடித்தது, நீ பேருந்து ஏறியதும் குறைத்துக்கொண்டது என்று எழுதினால் வன்யாமா சிரிப்பான்.

அடுத்த செவ்வாய்க்கிழமையும் பேருந்து உண்டு.

முலாட்யா


கியாலா மேடு,
30 அக்டோபர் 1983

மூவேனியின் அம்மாவுக்கு.

உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால் தாமதம் என்று எடுத்துக்கொள்கிறேன். குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கிறதா?

இங்கே மழை இன்னும் விழவில்லை. மேகம் பிற்பகலில் வந்து நிற்கிறது, பார்க்கிறது, போய்விடுகிறது. விதையை எடுத்து வெளியே வைப்பதும் உள்ளே வைப்பதுமாக இருக்கிறேன். சனிக்கிழமை வயலில் துளைப்பானை இறக்கினேன். முழங்காலாழம் வரை சாம்பல், கையில் எடுத்தால் காற்றோடு போகிறது. இடுப்பாழத்தில் மண் இன்னும் பிசுபிசுக்கிறது, உள்ளங்கையில் உருட்டினால் உருளுகிறது. டப்பாவில் அடைத்து எடை போட்டு, கரி அடுப்பில் காயவைத்து மறுபடி எடை போட்டேன். அடியில் ஈரம் இருக்கிறது. இந்த மண் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். நான் சொல்வது இதைத்தான்.

தொட்டிதான் என்னை உட்காரவிடவில்லை. காலையில் ஒருமுறை பார்த்தால் போதும், அதுதான் விதி. நான் நாளெல்லாம் போய் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இறக்கம் குறைவு, குறைவுதான். யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். யாரோ என் தொட்டியில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். பள்ளத்து ஊர்க்காரர்கள் என் அளவைக் கெடுக்க ஆள் வைத்திருக்கலாம். கட்டூங்கேயின் தங்கை அந்த ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளையே நேரில் கேட்டேன்.

"என் தொட்டியில தண்ணி ஊத்துறியா?"

கழுதையின் கயிற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "இன்னொரு தடவ சொல்லுங்க பெரியவரே. காது சரியில்லையோன்னு பாக்குறேன்."

"யாரோ தண்ணி சேக்குறாங்க. நீயா?"

"இந்தப் பஞ்சத்துல உங்க அண்டாவுல தண்ணிய எடுக்குறாங்கன்னு சொல்லுங்க, நம்புறேன். போடுறாங்கன்னு சொல்றீங்களே. வெயிலு உங்க அண்டாவைவிட உங்க தலையிலதான் அதிகம் குடிச்சிருக்கு."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவள் கேன் நிரப்பித் தருவதில்லை. நானே மணலுக்கு இறங்கி நிரப்பிக் கழுதையில் ஏற்றி வருகிறேன். பெண்கள் வரிசையில் நிற்கும் ஒரே ஆண் நான். இதற்கும் நீதான் பொறுப்பு.

முலாட்யா


மொம்பாசா,
25 நவம்பர் 1983

மூவேனியோட அப்பாவுக்கு.

பிள்ளை சிரிக்குது. மாப்பிள்ளை விசில் சத்தம் கேட்டா இன்னும் நல்லா சிரிக்குது. எங்க எல்லாருக்கும் சுகம். உங்களுக்குச் சுகமில்லேன்னு உங்க கடிதத்தைப் பாத்தாலே தெரியுது.

கட்டூங்கேவை விட்டுடுங்க. பாவம் அவ. தண்ணிய யாரும் போடல. நான் எடுத்துக்கிட்டிருந்தேன். இப்ப எடுக்க ஆளில்ல. உங்க வானத்துல நடக்குற அதிசயம் அவ்வளவுதான்.

சாயங்காலம் நீங்க ரேடியோ கேக்கக் கடைக்குப் போவீங்க. வீட்டுப் பானை காஞ்சு கிடக்கும். வாசல்ல வெயிலுக்குன்னு வெச்ச தண்ணி தளும்பிக்கிட்டு நிக்கும். வலையை ஒரு மூலையில அவிழ்ப்பேன், சுரைக்குடுவையில ஒண்ணு மொள்ளுவேன், மறுபடி கட்டிடுவேன். நீங்க முடி போடுறது எப்பவும் இடக்கைப் பக்கம்தான், அதே மாதிரி போட்டுடுவேன். திருட்டுன்னு எழுதாதீங்க. ஒவ்வொரு சொட்டும் என் முதுகுல ஏறி வந்தது. அந்தத் தண்ணியிலதான் உங்களுக்குக் கஞ்சி கொதிச்சது. ஒருநாள் நல்லாயிருக்குன்னுகூடச் சொன்னீங்க. அத்தனை வருஷத்துல அந்த ஒரு நாள்தான் சொன்னீங்க.

அத்தனை பெரிய அண்டாவுல ஒரு குடுவை எடுத்தா என்ன ஆகப்போகுதுன்னுதான் நெனச்சேன். இதை எழுதிக்கிட்டிருக்கும்போதே மூவேனி பேனாவைக் கீழ வெச்சிட்டா. "அம்மா, நீ எடுத்ததையும் சேர்த்து வெயில் குடிச்சுதுன்னு அப்பா எழுதியிருக்கார். அதனாலதான் குளம் நிக்காதுன்னு சொல்லிட்டாங்களா?"ன்னு கேக்குறா.

எனக்குத் தெரியல. கணக்குத் தெரிஞ்சவர் நீங்கதான். அப்படியான்னு எழுதுங்க.

கசீவா


கியாலா மேடு,
29 டிசம்பர் 1983

மூவேனியின் அம்மாவுக்கு.

உன் கடிதம் வந்தது. படித்தேன்.

மழை இந்த முறையும் பொய்த்தது. விதைத்ததில் துவரை மட்டும் நிற்கிறது. கழுதை இறந்துவிட்டது. மாட்டை உன் அண்ணன் வீட்டில் கட்டியிருக்கிறேன், அங்கே கொஞ்சம் சோளத்தட்டை இருக்கிறது.

அளவு தொடர்கிறது.

குழந்தைக்குப் பல் முளைத்தால் எழுதவும்.

முலாட்யா


மொம்பாசா,
20 ஜனவரி 1984

மூவேனியோட அப்பாவுக்கு.

பல் இன்னும் முளைக்கல. ஈறு ஊறுது, கையில கெடச்சதையெல்லாம் கடிக்குது.

உங்க கடிதத்தை மூணு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். அவ்வளவு சின்னக் கடிதத்துல ஏதாவது ஒளிஞ்சிருக்கான்னு பாத்தேன். ஒரு திட்டுகூட இல்ல. முப்பத்தஞ்சு வருஷமா உங்ககூடக் குடித்தனம் பண்றேன். உப்பு கூடினா திட்டுவீங்க. குறைஞ்சா திட்டுவீங்க. சரியா இருந்தா நேத்து ஏன் இப்படி இல்லேன்னு திட்டுவீங்க. ரெண்டு வருஷ அளவைக் கெடுத்திருக்கேன்னு தெரிஞ்சும் ஒண்ணும் சொல்லலேன்னா எனக்குத் திரைக்குப் பின்னாடி உக்காந்திருக்க முடியல. குழாயடிக்குப் போறேன், வர்றேன், மறுபடி போறேன். அந்தக் கிளார்க்கு மகளே "இன்னிக்கு என்ன, என்னைத் திட்டலையா?"ன்னு கேட்டுட்டா.

ஒண்ணு மட்டும் எழுதுங்க. கழுதை போயிடுச்சு. கட்டூங்கே தொட மாட்டேன்னுட்டா. அண்டாவுக்கு யார் தண்ணி எடுக்குறா? நெத்தியில பட்டை மாட்டி முதுகுல கேன் தூக்குற ஆம்பளையை நம்ம பக்கம் யாரும் பாத்ததில்ல. ஆள் யாரையாவது வெச்சிருக்கீங்களா? சிறுசு எதையாவது சுமக்க விட்டிருந்தீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்.

கசீவா


கியாலா மேடு,
16 பிப்ரவரி 1984

மூவேனியின் அம்மாவுக்கு.

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். சிறியவர் யாரையும் நான் சுமக்க வைக்கவில்லை. தண்ணீர் வருகிறது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

வன்யாமா நேற்று வந்தான். பொறியாளர் பயணம் மார்ச் கடைசிக்குத் தள்ளிப்போனதால், அதற்குமுன் அளவுகளைச் சரிபார்க்க வந்திருக்கிறான். வண்டியிலிருந்து இறங்கும்போதே முகம் நன்றாக இல்லை. தொட்டியைச் சுற்றி வந்தான், கொக்கியைத் தொட்டுப் பார்த்தான், பிறகு நிழலில் உட்கார்ந்து என் தாள்களை மடியில் வைத்துக்கொண்டான்.

"பெரியவரே, ஜூனுக்கு முன்னாடி ஒரு வெயிலு, பின்னாடி ஒரு வெயிலா? ஒரே நாள்ல ரெண்டு மில்லிமீட்டர் எப்படிக் குறையும்?"

தாளில் அவன் விரல் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தேன்.

"கோவிச்சுக்காதீங்க. வீட்டுக்குள்ள உக்காந்து எழுதினீங்களா? உங்களுக்கு முன்னாடி ஒருத்தன் அப்படித்தான் எழுதினான்."

அந்த ஆசிரியரின் தம்பியோடு என்னைச் சேர்த்துவிட்டான். எழுந்து நின்றுவிட்டேன். "ஒவ்வொரு எண்ணும் தண்ணியப் பாத்து எழுதினது. தண்ணி குறைஞ்சது நெஜம். அதுல கொஞ்சம் வெயில் குடிக்கல, ஆள் எடுத்தது."

"யாரு?"

"நான்."

"நீங்களா? எதுக்கு?"

"தாகம். குடிச்சேன்."

"ரெண்டு வருஷமாவா?"

"ரெண்டு வருஷமா தாகமாத்தான் இருந்தது."

"அப்ப ஜூன்ல தாகம் தீர்ந்துடுச்சா?"

"ஜூன்ல என் வீட்டுக்காரி ஊருக்குப் போயிட்டா. அப்புறம் எதுவும் குடிக்கத் தோணல."

அவன் நம்பினானா என்று தெரியாது. எவ்வளவு எடுத்தேன், எப்போது எடுத்தேன் என்று கேட்டான். எனக்கு எப்படித் தெரியும்? சிலநாள் கொஞ்சம், சிலநாள் அதிகம் என்றேன். அளவு தெரியாமல் எடுத்தது என்றால் கழிக்கவும் வழியில்லை என்று சொல்லி, ஜூன் வரையிலான தாள்கள் எல்லாவற்றின் குறுக்கேயும் கோடு போட்டான். மிச்சமிருப்பது சில மாத அளவு. அதை வைத்துப் பொறியாளரிடம் பேச முடியாதாம். குளம் பள்ளத்து ஊருக்குப் போகும். வேண்டுமானால் மறுபடி இரண்டு வருடம் அளந்து தாருங்கள், அடுத்த திட்டத்தில் பார்ப்போம் என்றான். தேநீரைக் குடிக்காமலே எழுந்தான். அதில் பால் இல்லை, மாடு இங்கே இல்லையே.

உன் பெயர் எந்த இடத்திலும் வரவில்லை. அந்தக் கவலை வேண்டாம். தொட்டியை நான் எடுக்கப் போவதில்லை. இன்று காலையும் படித்தேன். இரண்டு வருடம் என்றால் இரண்டு வருடம்.

நீ செவ்வாய்க்கிழமை வரவேண்டும் என்று இனி எழுத மாட்டேன்.

முலாட்யா


மொம்பாசா,
10 மார்ச் 1984

மூவேனியோட அப்பாவுக்கு.

நீங்க குடிச்சீங்களா? தாகமா?

மூவேனி படிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சது. மாப்பிள்ளை உள்ள இருக்கிறார்ங்கிறதே மறந்துபோய்த் திரையைத் தள்ளிட்டு வந்து நின்னுட்டேன். அவர் பாவம், சுவரைப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டார், சாப்பாட்டுத் தட்டோட. அந்த மானமும் உங்களாலதான் போச்சு.

என் பேர் வரலேன்னு பெருமையா எழுதியிருக்கீங்க. யார் உங்ககிட்ட என் பேரை மறைக்கச் சொன்னா? தோண்டினது நான், தூக்கினது நான், ஊத்தினது நான், எடுத்ததும் நான். எல்லாத்துலயும் என் பேர் இல்லாமப் போச்சு, எடுத்ததுலயாவது இருக்கட்டுமே. அறிக்கையில உங்க பேர் போடலேன்னு எத்தனை வருஷமா புலம்புறீங்க. இப்ப நீங்களே எனக்கு அதைப் பண்ணுறீங்க.

அதுவும் சிலநாள் கொஞ்சம் சிலநாள் அதிகமாம். என்னை என்னன்னு நெனச்சீங்க? ஒரே குடுவை, கழுத்துவரைக்கும். ஞாயித்துக்கிழமை மட்டும் எடுக்க மாட்டேன், அன்னிக்குச் சர்ச்சு தொட்டியில நமக்கு ஒரு கேன் கொடுப்பாங்க. மழை பெஞ்ச நாள்லயும் எடுக்கல, கூரைத்தண்ணி இருக்கும். அளவு தெரியாதுன்னு சொல்ல நீங்க யாரு? உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

மூவேனியை உக்காரவெச்சு இதையெல்லாம் அந்த வன்யாமாவுக்கே எழுதச் சொல்லிட்டேன். பதிலும் வந்துடுச்சு. பெரியவர் சொன்னதை நானும் நம்பலம்மா, ஆனா வேற யாரும் வாய் திறக்கலேன்னு எழுதியிருக்கான். தினமும் ஒரே குடுவைன்னா அதைக் கழிச்சுப் பாக்கலாமாம். கழிச்சது இப்ப வர்ற அளவோட ஒத்துப்போனா, போட்ட கோட்டை எடுத்துட்டுப் பொறியாளர் முன்னாடி வைக்கலாமாம். உறுதியா சொல்ல மாட்டேன்னும் எழுதியிருக்கான். ஆனா எடுத்த ஆள் நேர்ல வரணும், அந்தக் குடுவையாலேயே அவன் கண்ணு முன்னாடி எடுத்துக் காட்டணும். இருபத்தேழாம் தேதி வர்றேன்னு எழுதியிருக்கான்.

அதனால வர்றேன். உங்களுக்காக இல்ல. எடுத்துக் காட்ட வர்றேன். ஊரே நின்னு பாக்கட்டும். ஆனா இப்பவே சொல்லிடுறேன், அண்டாவுக்குத் தண்ணி நான் தூக்க மாட்டேன். குளம் கெடைச்சாலும் மாட்டேன், கெடைக்காட்டியும் மாட்டேன்.

கட்டூங்கே தம்பி துறைமுகத்துல வேலை தேடி வந்திருந்தான். அண்டாவுக்கு யார்டா தண்ணி தூக்குறான்னு கேட்டேன். சிரிப்பை அடக்கிக்கிட்டுக் கூரையைப் பாத்தான். "நீங்களே போய்ப் பாத்துக்குங்க அம்மா"ன்னுட்டான். யாருன்னு எழுதுங்க.

கசீவா


கியாலா மேடு,
18 மார்ச் 1984

மூவேனியின் அம்மாவுக்கு.

எல்லோரும் நலம்தானே? மருமகனிடம் என் சார்பில் மூவேனி வருத்தம் சொல்லட்டும். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றானே, முறை தெரிந்த பிள்ளை.

நீ எனக்குத் தெரியாமல் அலுவலகத்துக்கு எழுதியது தவறு. ஒரு குடுவையைக் கழித்துவிட்டால் அளவு சரியாகிவிடும் என்று வன்யாமா நினைப்பதும் தவறு. குடுவையால் மொள்ளும்போது சிந்துவது என்ன கணக்கு? வலை ஒதுங்கியிருக்கும் நேரத்தில் காற்று எடுப்பது என்ன கணக்கு? இதை அவனிடம் நேரில் கேட்பேன். கேட்டுவிட்டு, அவன் கழித்தால் கழிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். நானும் கழித்துப் பார்த்தேன். மூன்று மாதம் ஒத்துப்போகிறது. மற்றவை கிட்டத்தட்ட வருகின்றன. இதை அவனுக்கு முன்கூட்டி எழுதவில்லை, அவனே போட்டுப் பார்க்கட்டும்.

இருபத்தைந்தாம் தேதி ஞாயிறு, பேருந்து கிடையாது. இருபத்தாறில் சந்தைக்கு வரும் வண்டியில் வந்தால் சந்தைத் திருப்பத்தில் நிற்பேன். உன் அண்ணன் வீட்டிலிருந்து மாட்டை ஓட்டி வந்துவிட்டேன், இந்த முறை தேநீரில் பால் இருக்கும். எல்லோருக்கும் முன்னால் எடுத்துக் காட்டும்போது உன்னை யாராவது ஏதாவது சொன்னால் நான் பதில் சொல்கிறேன். கட்டூங்கே சொன்னால் மட்டும் நீயே சொல்லிக்கொள், அவளிடம் என்னால் முடியாது.

தண்ணீர் நீ தூக்கவேண்டாம். அது முடிந்துபோன பேச்சு.

அது சம்பந்தமாக ஒன்று கேட்க வேண்டும். நெற்றிப் பட்டைக்கு அடியில் நீ துணியை எப்படி மடித்து வைப்பாய்? இரண்டாக மடித்தால் மேடேறும்போது நழுவி விடுகிறது. நான்காக மடித்தால் இறங்கிக் கண்ணை மறைக்கிறது. பெண்கள் வரிசையில் யாரையும் கேட்க எனக்கு மனம் வரவில்லை. பதிலை மூவேனியிடம் சொல்லி எழுத வைக்காதே. வந்து காட்டு.

மூவேனியின் அப்பா